மூன்று ஒன்று ஒன்பது

எங்கள் ரேடியோ சங்கத்தில் ஆண்கள் எல்லாரும் 'ஓம்'. 'ஓல்ட் மேன்' என்பதன் சுருக்கம். பெண் என்றால் 'ஒய்எல்'. 'யங் லேடி', இளம் பெண் என்பதன் சுருக்கமாம். எழுபது வயதில் ஒருத்தி உரிமம் வாங்கிக்கொண்டு சேர்ந்தாலும் அவளும் இளம் பெண்தான். பெண்களின் மனம் நோகக் கூடாது என்று உலகத்து அமெச்சூர் ரேடியோக்காரர்கள் எல்லாம் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். ஜாவாவில் எங்கள் ஊரான தெமாங்குங்கில் இருக்கிற ஒரே ஒய்எல் நான். என் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோவுக்கு முன்னால்தான் உட்காரவிடவில்லை.

போன வருஷம் மலைமேல் கூடாரம் போட்டு இரண்டு நாள் ஒலிபரப்பினார்கள். செமாராங்கில் மின்பொறியியல் படித்துப் பட்டம் வாங்கிய நான் அந்த இரண்டு நாளும் நூடுல்ஸ் வேகவைத்தேன். "ஒய்எல் கையால சாப்பிட்டா அதோட ருசியே தனி" என்றார் தலைவர் ஓம் ஹர்சோனோ. மோர்ஸ் கீயை ஒரே ஒரு தடவை தொட்டேன். அதில் மிளகாய்ச் சம்பால் கொட்டிவிட்டது, துடைக்கச் சொன்னார்கள்.

இந்த வருஷம் கரிமுன்ஜாவா தீவு. சுற்றிலும் கடல். பக்கத்து வீட்டு சார்ஜர் கிடையாது, டியூப்லைட் கிடையாது. இங்கே இரைச்சலில் மூழ்கிப்போகிற தூரத்து சிக்னல் எல்லாம் அங்கே கடல்தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்து காதில் விழும். ரேடியோவுக்கு முன்னால் ஐந்து நாற்காலி. நான்கில் யார் யார் என்பதை அந்த நான்கு பேரே முடிவு செய்துகொண்டார்கள். ஐந்தாவது நாற்காலியைத் தன் தங்கை மகன் பஸ்கோரோவுக்குக் கொடுக்கத் தலைவருக்கு ஆசை. நேரடியாகக் கொடுத்தால் நன்றாக இருக்காதே. அதனால் ஒரு போட்டி வைத்தார்.

ஞாயிறு காலை ஓம் பிராப்தோ ஊருக்குப் பின்னால் உள்ள குன்றில் ஏறி, மிகச் சிறிய கருவியிலிருந்து மோர்ஸில் அழைப்பார். அவரவர் வீட்டில் இருந்தபடி கேட்க வேண்டும். யார் முதலில் கேட்டு வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறாரோ அவருக்கு நாற்காலி.

"மத்தவங்களும் தீவுக்கு வரலாம். சமையலுக்கு ஆள் வேணுமே" என்று தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஓம், பிராப்தோ ஓம் ஒரு ரகசியச் சொல் அனுப்பட்டும். அதைச் சொன்னாதான் கேட்டதா கணக்குன்னு வெச்சுக்கலாமே" என்றேன்.

"இதென்ன பரீட்சை ஹாலா? இங்க எல்லாரும் சகோதரங்க, ம்பாக் வெனிங்." ம்பாக் என்றால் அக்கா, வெனிங் என் பேர்.

"எனக்கும் சகோதரனுங்க இருக்கானுங்க ஓம். அதனாலதான் கேக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ரகசியச் சொல்லை மட்டும் யாரும் வைக்கவில்லை.

நான் பயந்ததற்குக் காரணம் 599. மோர்ஸில் ஒருவர் அழைத்தால், அவர் நமக்கு எப்படிக் கேட்கிறார் என்று மூன்று எண்ணில் பதில் சொல்ல வேண்டும். எவ்வளவு புரிகிறது என்பதற்கு ஐந்துக்கு இவ்வளவு, எவ்வளவு பலம் என்பதற்கு ஒன்பதுக்கு இவ்வளவு, ஒலி எவ்வளவு சுத்தம் என்பதற்கு ஒன்பதுக்கு இவ்வளவு. 599 என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல என்று பொருள். எங்கள் சங்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் எப்போதும் கொடுப்பது 599. குறைத்துச் சொன்னால் மரியாதைக் குறைவு. "599 ஓம், பிரமாதம்!" என்பார்கள். அடுத்த நொடியே, "உங்க பேர் என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை... இன்னொரு தடவை... ஓம், சரியா விழலை" என்பார்கள். ஜாவாக்காரர்கள் நாங்கள் கல்யாண வீட்டில் ஊசிப்போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டும் அருமை என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள். வானத்துக்கு மட்டும் வேறு நாக்கா வைத்துக்கொள்வோம்?

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஓம் பிராப்தோ தன் கருவியைக் கொண்டுவந்து காட்டினார். அவர் பல்செட் கட்டுகிறவர். மெல்லிய விரல்கள். பிஸ்கட் டப்பாவுக்குள் அவரே பொருத்திய கருவி அது. மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் 'டம்மி' செருகியிருந்தார். டம்மி என்றால் கட்டைவிரல் தடிமனில் ஒரு குழாய். சோதித்துப் பார்க்கும்போது ஆன்டெனாவுக்குப் பதிலாக அதைச் செருகினால் அனுப்புகிற சக்தி முழுவதையும் அதுவே விழுங்கிச் சூடாகிக்கொள்ளும். வானத்துக்கு ஒன்றும் போகாது. ஊருக்குத் தொல்லை இல்லை.

"ஞாயித்துக்கிழமை இதைக் கழட்டிட்டு நீளக் கம்பிய மரத்துல கட்டிடுவேன்" என்றார். போன வருஷம் மலையில் தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்த ஒரே ஆள் அவர். அதனால் அவர்மேல் மட்டும் எனக்குக் கோபம் கிடையாது.

ஞாயிறு காலை இயர்போனை மாட்டி ரேடியோவைத் திறந்தேன். கர்ர்ரென்று அரைக்கிற இரைச்சல். எங்கள் ஊர்த் தோஃபு கடையில் சோயா அரைக்கும் இயந்திரத்தை யாரோ காதுக்குள் ஓட்டுவதுபோல இருந்தது. முதலில் அம்மாவின் ரைஸ் குக்கரைப் பிடுங்கினேன். அடுத்து ஃபிரிட்ஜ். அடுத்து வீட்டு மெயின் சுவிட்ச். ரேடியோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சல் பாதிதான் குறைந்தது.

"படிக்க வெச்சா வீட்டுக்கு வெளிச்சம் வரும்னு சொன்னாங்க" என்று அம்மா அடுப்படி இருட்டிலிருந்து சொன்னாள். "வந்த வெளிச்சத்தையும் நீ அணைக்கிற."

மிச்ச இரைச்சல் பின்கட்டிலிருந்து வந்தது. அங்கே அப்பாவின் சுல்தான் இருந்தான். சுல்தான் ஒரு முராய் குருவி. அடுத்த ஞாயிறு குருவிகளின் பாட்டுப் போட்டிக்குப் போகிறவன். அவன் கூண்டின் அடியில் ஒரு சிறிய பிளேயர் விடிந்ததிலிருந்து வேறு குருவிகளின் பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டு அவன் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த பிளேயருக்கு மின்சாரம் தருவது சந்தையில் வாங்கிய மலிவு சார்ஜர். நான் மெயினை அணைத்ததும் அப்பா பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்து அதற்கு உயிர் கொடுத்துவிட்டார்.

"பாக், ஒரு மணி நேரம் அதை நிறுத்துங்க" என்று அப்பாவிடம் சொன்னேன்.

"உன் டிட் டிட்டுக்காக என் புள்ள பாடத்தை நிறுத்தணுமா?"

"உங்க புள்ள நான்தான்."

"நீ படிச்சு முடிச்சிட்ட. அவன் இப்பதானே படிக்கிறான்."

"அவன் படிச்சு என்ன வேலைக்குப் போகப்போறான்?"

"நீ என்ன வேலைக்குப் போன?"

செல்போன் ரிப்பேர் கடையில் திரை மாற்றுகிறேன் என்பது அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார். கத்தினால் நேரம் போகும். உள்ளே போய் என் பவர்பேங்கை எடுத்துவந்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பிளேயரை அதில் செருகினேன். பாட்டு ஒரு நொடிகூட நிற்கவில்லை. சுல்தான் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான். பிறகு டிட் டிட் டா என்று மோர்ஸ் மாதிரியே பாடினான்.

"பாத்தியா! போட்டியில இப்படிப் பாடினா வெளிய அனுப்பிடுவாங்க!" என்று அப்பா தலையில் கை வைத்தார்.

திரும்பிவந்து இயர்போனை மாட்டினேன். அரைக்கிற சத்தம் போயிருந்தது. வானத்தின் சொந்த இரைச்சல் மட்டும் இருந்தது. அதை யாராலும் அணைக்க முடியாது. தூரத்துத் தகரக்கூரையில் பெய்கிற மழைபோல எங்கெங்கோ வெட்டுகிற மின்னல் எல்லாம் சேர்ந்து பொரிகிற சத்தம் அது.

இந்த மழைக்குள் கேட்பதற்கு ஒரு வழி இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் ஒலியைக் கூட்டுவார்கள். கூட்டினால் மழைதான் பெருகும். குறைக்க வேண்டும். காதே எட்டிப்பார்க்கிற அளவுக்குக் குறைக்க வேண்டும். பிறகு காதை நம்பக் கூடாது. இரைச்சலுக்கு நம் ஆசை தெரியும். நாற்காலி வேண்டுமா, இதோ உன் பேர் என்று கூப்பிடும். எனக்கும் கூப்பிட்டது. ஒரு டா, இரண்டு டிட். அடுத்த முறை அதே இடத்தில் அது இல்லை. அப்படியென்றால் அது நான். இரைச்சல் ஒரு தடவை சொன்னதை மறுபடி அதே மாதிரி சொல்லாது. மனிதன்தான் சொன்னதையே சொல்லுவான்.

குழுவில் போன் அதிர்ந்தது. பஸ்கோரோ. "599 ஓம் பிராப்தோ!! கண்ணாடி மாதிரி இருக்கு!!"

அடுத்து வரிசையாக, "599 ஓம்." "599, வாழ்த்துகள்." "599, அருமை." தலைவரும் போட்டார், "599. பெருமையாக இருக்கிறது."

எனக்கு மழைதான். கண்ணாடி இல்லை, ஓடுகூட இல்லை. போனைக் கவிழ்த்துப் போட்டேன். நான் தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. ஆனாலும் இயர்போனைக் கழற்றத் தோன்றவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அது வந்தது. சத்தம் என்று சொல்ல மாட்டேன். மழையில் ஓர் இடம் மட்டும் கொஞ்சம் நேராக இருந்தது. பிறகு அறுந்தது. மறுபடி அதே நீளத்தில் நேராக இருந்தது. ஓம் பிராப்தோவின் அழைப்புக்குறி. மூன்று முறை காத்திருந்தேன், மூன்று முறையும் அதே. குழுவில் தட்டினேன்: "319. புரியக் கஷ்டப்படுகிறது. இருக்கா இல்லையா என்கிற அளவு பலவீனம். ஒலி சுத்தம்."

பஸ்கோரோ, "காதுல பஞ்சு வெச்சிருக்கியா?" என்றான். சிரிக்கிற முகங்கள் நாலைந்து வந்து விழுந்தன. தலைவர் எழுதினார், "ஒய்எல், ஓம் பிராப்தோ வயசான காலத்தில் மலை ஏறியிருக்கிறார். கொஞ்சம் மரியாதை."

மழைக்குள் அவர் இன்னும் அனுப்பிக்கொண்டிருந்தார். முடிக்கும்போது வழக்கமாக அனுப்புகிற வாழ்த்தை அனுப்பாமல் வேறு ஏதோ அனுப்பினார். துண்டு துண்டாகத்தான் விழுந்தது. விழுந்ததைக் கேட்டு நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா இருட்டிலிருந்து, "கரண்ட்ட போடு, அப்புறம் சிரி" என்றாள்.

மதியம் தலைவர் வீட்டில் சாப்பாடு. மேசைமேல் வாழையிலையில் சுற்றிய லெம்பர் குவிந்திருந்தது. கோழியை உள்ளே வைத்துச் செய்கிற ஒட்டரிசிப் பண்டம் அது. ஓம் பிராப்தோ கடைசியாக வந்தார். குன்றின்மேல் போன் எடுக்காது. கீழே இறங்கியபிறகுதான் அத்தனை 599-ஐயும் பார்த்திருக்கிறார். முகம் அவர் கட்டுகிற பல்லைவிட வெளுத்திருந்தது. எல்லாரும் எழுந்து கைகுலுக்கினார்கள். ஒவ்வொருவரும் 599 என்று சொல்லச் சொல்ல அவர் இன்னும் வெளுத்தார்.

"எல்லாருக்குமா... அவ்வளவு தெளிவா கேட்டுச்சு?"

"ஒரு எழுத்து விடாம!" என்றார் தலைவர். "குன்றுமேல எப்படி இருந்துச்சு ஓம்?"

"இரைச்சலே இல்ல. சுத்தமா இல்ல. பெட்டி ஓடுதான்னே சந்தேகம் வந்துடுச்சு. இன்னிக்கு வானம் செத்துப்போச்சு, நம்மள யாரும் கேக்கலைன்னு நெனச்சுட்டேன்."

நான் நிமிர்ந்தேன். இரைச்சல் இல்லாத வானம் கிடையாது. ஆன்டெனா மாட்டிய பெட்டி எதுவும் அப்படி மௌனமாக இருக்காது.

"உங்க கடைசி வரி இருக்கே ஓம், அதுதான் உச்சம்!" என்றார் தலைவர். "எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதை அப்படியே எழுதி நம்ம சங்கத்துச் சுவர்ல மாட்டணும்."

"மாட்டணும், மாட்டணும்" என்றார்கள் எல்லாரும்.

ஓம் பிராப்தோ வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸை இறக்கிக்கொண்டு தலைவரை உற்றுப் பார்த்தார். கிண்டல் செய்கிறாரா, இல்லை இனிமேல்தான் அடிக்கப்போகிறாரா என்று அவருக்குப் புரியவில்லை.

"சரி, முதல்ல கேட்டது நம்ம பஸ்கோரோ. அதனால அஞ்சாவது நாற்காலி..."

"பஸ்கோரோ ஓம்" என்று எழுந்தேன். "அந்தக் கடைசி வரி என்ன?"

"வாழ்த்துதான்."

"என்ன வாழ்த்து?"

"அதான்... ஒற்றுமை... சகோதரத்துவம்... அந்த மாதிரி."

ஓம் பிராப்தோவின் முகத்தில் ரத்தம் திரும்பியதைப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை! உயிர் வந்துவிட்டது. கிளாஸைக் கீழே வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. என்னுடைய 319 ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தால் நாற்காலி கிடைக்கும், அவர் மாட்டிக்கொள்வார். மூடினால் அவர் தப்பிப்பார், நான் நூடுல்ஸ் வேகவைப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று ஊருக்கே தெரியும். ஆனால் தட்டைக் கழுவிய ஆள் ஆயிற்றே. வாய் திறந்தபடி நின்றேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பு ரெட்னோவின் குரல் கேட்டது. ஓம் பிராப்தோவின் மனைவி. தட்டு நிறைய மெண்டோவான் பஜ்ஜி பொரித்து எடுத்து வந்திருந்தாள்.

"ஏங்க, காலையில அந்த நீளக் கம்பிய வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டீங்களே! சும்மாதான கிடக்குதுன்னு கொல்லையில கட்டித் துணி காயப்போட்டேன். நல்லாத்தான் தாங்குது. பெட்ஷீட்கூடப் போட்டேன்."

யாரும் மென்று முடிக்கவில்லை.

"பை அடியில இருக்குன்னு... அப்போ டம்மி?" என்றார் ஓம் பிராப்தோ. "டம்மிய நான் கழட்டவே இல்லயா?"

"காலை முழுக்க டம்மிக்கா அனுப்பினீங்க?" என்றார் ஒருவர். கேட்டபிறகுதான் தானும் 599 போட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. லெம்பரை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர் அவர். "ஆக, கருவியில் கோளாறு. போட்டி செல்லாது. நாற்காலி விஷயத்த நிர்வாகக் குழு பாத்துக்கும்."

"ஆமா, அதான் நியாயம்" என்றார்கள் எல்லாரும். அவ்வளவு சீக்கிரம் அவர்கள் எதையும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"செல்லும்" என்றேன். "நான் கேட்டேன்."

"டம்மியிலிருந்து எப்படிம்மா கேக்கும்?" என்றான் பஸ்கோரோ.

"அதை நீ கேக்குறியா? உனக்குக் கண்ணாடி மாதிரி கேட்டுதே! டப்பா மூடி தூக்கிட்டு இருந்துச்சு. சந்துல துளி கசியும். குன்று அடிவாரத்துலதான் எங்க வீடு. அதான் மூணு ஒண்ணு ஒன்பது. என் காதுல பஞ்சு இல்ல. உங்க காதுலதான் ரேடியோவே இல்ல."

"நிரூபிக்க முடியுமா?" என்றார் தலைவர். குரலில் சகோதரத்துவம் எதுவும் மிச்சம் இல்லை.

முடியும். நான் ஓம் பிராப்தோவைப் பார்த்தேன். அவர் டீயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"சொல்லு ம்பாக்" என்றார். "விழுந்ததச் சொல்லு. அனுப்பினது நான். சரியா தப்பான்னு நான் சொல்றேன்."

"ஓம், வேணாம்னா..."

"அட, சொல்லு!"

"எல்லாம் விழலை. 'தலைவர்', அப்புறம் ஒரு வார்த்தை இரைச்சல்ல போயிடுச்சு. 'குன்றுமேல உக்கார ரெண்டு லெம்பர் குடுத்தார்'. அப்புறம் மறுபடி இரைச்சல். கடைசியா 'உள்ள கோழி இல்ல'."

"சரி" என்றார் ஓம் பிராப்தோ. "எல்லாம் சரி." கொஞ்சம் யோசித்தார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று நினைத்திருப்பார். "'தலைவர்'க்கு அப்புறம் போன வார்த்தை 'கஞ்சன்'."

பு ரெட்னோ முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

தலைவர் யாரையும் பார்க்கவில்லை. தன் தட்டிலிருந்த லெம்பரை எடுத்தார். இலையைப் பிரித்தார். இரண்டாகப் பிட்டு உள்ளே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். எல்லாரும் அவரவர் லெம்பரைப் பிட்டுப் பார்த்தார்கள். சுற்றிலும் வெள்ளையாக அரிசி.

தலைவர் வெகுநேரம் மென்றார். முழுங்கினார்.

"இல்லதான்" என்றார்.

அப்படித்தான் எனக்கு நாற்காலி கிடைத்தது. யாரும் கைதட்டவில்லை. சங்கத்துச் சுவரில் எதுவும் மாட்டவில்லை. அடுத்த ஞாயிறு சுல்தான் பாட்டுப் போட்டியில் டிட் டிட் டா என்று பாடி வெளியேற்றப்பட்டான். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

தீவில் இப்போது ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மழை இங்கே மெல்லியதாக இருக்கிறது. அதற்குள் எங்கோ ஒருத்தர் கூப்பிடுகிறார். கடல் தாண்டி, இன்னொரு கடல் தாண்டி. எனக்கு 599 கொடுத்தார். நான் அவருக்கு 339 கொடுத்தேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக ஒவ்வொரு எழுத்தாக வந்தது. மன்னிக்கவும், உங்களுக்கும் 339தான்.

பின்னால் அடுப்பில் பஸ்கோரோ. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு கிண்ணம் நூடுல்ஸை என் பக்கம் நீட்டினான்.

"ஒரு வாய் பாத்துச் சொல்லு. எப்படி இருக்கு?"

இயர்போனை ஒரு காதிலிருந்து நகர்த்திவிட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன்.

"ரெண்டு ஒண்ணு ஒண்ணு" என்றேன். "உப்பு போடு."